ஏஐ எழுதித் தந்ததை அப்படியே அனுப்பும் ஊழியரை வைத்து வேலை வாங்குவது

இந்தத் தொல்லை தொடங்கும்போது தொல்லை மாதிரியே தெரியாது. ஓர் ஊழியரின் வேலை திடீரென்று மெருகேறிவிடும். இரண்டு நாள் இழுக்கும் ரிப்போர்ட் மதியத்துக்குள் வந்து நிற்கும். மெயிலில் ஒரு பிழை இருக்காது. மேனேஜருக்கு மனசு குளிர்ந்துபோய் நாலு பேர் முன்னால் பாராட்டவும் செய்வார். அடுத்து என்ன வரும், நேரம் எந்தப் பக்கமாக ஒழுகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்குப் பல மாலைகள் மிஞ்சியிருக்கும். ஏஐயை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதையே நம்பி உட்கார்ந்திருக்கும் ஆளிடம் எப்படி வேலை வாங்குவது என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

முதல் அறிகுறி எழுத்து நடையில் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அது திருத்தத்தில்தான் தெரியும். மூன்றாவது பத்தியில் ஒரு எண்ணை மட்டும் மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். மனிதர் கையால் எழுதியதென்றால் அந்த எண் மட்டும் மாறி வரும். ஏஐயிடம் கொடுத்து மறுபடி எழுத வைத்ததென்றால் பெரும்பாலும் முழு ஆவணமும் லேசாக உருமாறி வரும். முதல் பத்தியில் சரியாக இருந்த தேதி தப்பாகியிருக்கும், கிளையன்ட் வைத்த நிபந்தனை ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். இரண்டு வெர்ஷன்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி பல எடிட்டர்களில் இருக்கிறது, அதைப் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் புரிந்துவிடும். இரண்டாவது அறிகுறி, எழுதியது எந்த நிறுவனத்துக்கும் பொருந்துகிற மாதிரி இருப்பது. உங்கள் அலுவலகத்துக்கே உரிய சிக்கல் (குறிப்பிட்ட கிளையன்ட் எப்போதும் தாமதமாக ஒப்புதல் தருவது, ஒரு பழைய மென்பொருளை இன்னும் கட்டிக்கொண்டு அழுவது) எதுவும் அதில் இருக்காது. மூன்று வரிக் கேள்விக்குப் பன்னிரண்டு வரி பதில் வரும், அதில் முதல் மூன்று வரி உங்கள் கேள்வியே. மீட்டிங் நோட்ஸில் வெறுமனே பேசிக்கொண்டது முடிவெடுத்ததாகப் பதிவாகியிருக்கும். ஒருவர் தலையில் விழவேண்டிய வேலை இன்னொருவர் பெயரில் இருக்கும். கோடு (புரோகிராம்) எழுதுகிற டீம் என்றால், ஏற்கெனவே இருக்கிற ஃபங்ஷனைப் புதிதாக எழுதியிருப்பார்கள், எர்ரரை விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காதது போல் மேலே போகும் வரிகள் இருக்கும், டெஸ்ட்டுகள் கோடு செய்வதையே திரும்பச் சொல்லிப் பாஸ் ஆகும். கடைசியாக, வாயைத் திறந்து கேட்டால் பதில் வராது. 'இந்த இரண்டில் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்று கேட்டால் 'பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்பார். அவர் எடுத்த முடிவை அவரே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கிறது என்றால் அது அவர் எடுத்த முடிவில்லை.

இந்தக் கட்டத்தில் எரிச்சலும் சந்தேகமும் சேர்ந்துவிடும். ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் டூலில் போட்டுப் பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். போடாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023இல் அப்படி ஒரு டூலை வெளியிட்டது. அது ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வேறு சில டூல்களைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்குத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியது என்று அவை முத்திரை குத்தின. இப்படிப்பட்ட ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரைக் குற்றம் சாட்டினால், அவர் நிஜமாகவே செய்திருந்தாலும் நீங்கள்தான் தோற்பீர்கள். அதுவும் போக, 'ஏஐ பயன்படுத்தினீர்களா?' என்பதே உதவாத கேள்வி. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் உங்கள் மேஜையில் கிடக்கும் ரிப்போர்ட் சரியாகிவிடப் போவதில்லை. 'இந்த எண் எந்தக் கோப்பில் இருந்து வந்தது?', 'இதில் எதை வேண்டாமென்று விட்டீர்கள்?', 'இது தப்பாகப் போனால் முதலில் எங்கே தெரியும்?' என்று கேளுங்கள். டூலை வைத்துக்கொண்டு ஒழுங்காக வேலை செய்தவர் இந்த மூன்றுக்கும் பதில் சொல்வார். நுனிப்புல் மேய்ந்தவர் மழுப்புவார்.

பேசுவதற்கு முன்னால் கணக்கு எடுங்கள். இதைத் தவிர்த்தால் பின்னால் எல்லாமே உங்கள் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை என்று ஆகிவிடும். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். தேதி, என்ன வேலை, சரிபார்க்க எவ்வளவு நேரம் ஆனது, என்ன பிழை, பிழையின் வகை என்று ஐந்து நெடுவரிசை. வகையை இப்படிப் பிரித்தால் பிறகு உதவும்: இல்லாததை இருப்பதாகச் சொன்னது, சரியான தகவல்தான் ஆனால் நமக்குப் பொருந்தாதது, சொன்ன நிபந்தனையை விட்டது, கேட்டால் விளக்க முடியாதது, வெளியே போகக்கூடாத தகவல் வெளியே போனது. இரண்டு மூன்று வாரம் எழுதினாலே உருவம் கிடைத்துவிடும். அதே ஷீட்டில் டீமில் மற்றவர்களின் வேலையையும் எழுதுங்கள். ஒருவரை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் யாரிடமும் பத்து பிழை கிடைக்கும். இந்த ஷீட்டில் மனசைச் சுடுகிற நெடுவரிசை 'சரிபார்க்க ஆன நேரம்'தான். அவருக்கு மிச்சமான நேரம் எங்கேயும் மிச்சமாகவில்லை, உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது என்று அங்கேதான் தெரியும். ஊழியர் ஒரு மணி நேரத்தில் முடித்ததைப் பிரித்துப் பார்க்க மேனேஜருக்கு மூன்று மணி நேரம் ஆகிறது என்றால் டீமுக்கு நஷ்டம், அதுவும் அதிகச் சம்பளம் வாங்குகிறவரின் நேரத்தில்.

அவர் 'இதனால் எனக்கு நேரம் மிச்சமாகிறது' என்று சொன்னால் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் உண்மையாகவே நம்புகிறார். மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025இல் 16 அனுபவமுள்ள புரோகிராமர்களை, அவர்களுக்கு நன்றாகப் பழக்கமான புராஜெக்ட்டுகளிலேயே, 246 வேலைகள் செய்யவைத்துப் பார்த்தது. ஏஐ அனுமதிக்கப்பட்ட வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. ஆனால் வேலை முடிந்த பிறகும் தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே அவர்கள் நினைத்தார்கள். எல்லா வேலைக்கும் இதே எண் வரும் என்று சொல்ல முடியாது. வேகம் பற்றிய உணர்வும் நிஜ வேகமும் வேறு வேறு என்பதற்கு மட்டும் இது போதும்.

பேசும்போது தனியாகப் பேசுங்கள், ஒரே ஒரு வேலையை மேஜை மேல் வைத்துப் பேசுங்கள். 'நீங்கள் எப்பவுமே இப்படித்தான்' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'இந்த ரிப்போர்ட்டில் நாலாவது பக்கத்தில் இருக்கிற எண்ணுக்கு மூலம் கிடைக்கவில்லை, நாம் சேர்ந்தே தேடிப் பார்க்கலாமா?' என்று தொடங்கினால் பத்து நிமிடத்தில் அவரே நிலைமையைச் சொல்லிவிடுவார். அங்கே உங்கள் வேலை காரணத்தைக் கண்டுபிடிப்பது, ஏனென்றால் மருந்து காரணத்தைப் பொறுத்து மாறும். நான் பார்த்த வரையில் சோம்பல் கடைசிக் காரணம். முதல் காரணம் மொழிப் பயம். வேலை நடக்கும் மொழி தாய்மொழியாக இல்லாதவர், தன் வாக்கியத்தைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று பயந்து எல்லாவற்றையும் ஏஐயிடம் கொடுத்து எழுத வைக்கிறார். அவரிடம் 'உங்கள் டீமுக்குள் அனுப்பும் மெயிலில் இலக்கணப் பிழை இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு பிழை மட்டும் திருத்த டூலைப் பயன்படுத்துங்கள்' என்று சொன்னாலே பாதி தீர்ந்துவிடும். அடுத்தது, வேலை புரியாமல் இருப்பது. கேட்க வெட்கம். யாரிடமும் போய் நிற்காமல் டூலிடம் கேட்டு ஒப்பேற்றுகிறார். இவருக்கு வேலையைக் கொடுக்கும்போதே நல்ல மாதிரி ஒன்றும் மோசமான மாதிரி ஒன்றும் காட்டி, முடிந்தபின் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும். மூன்றாவது, வேலைச்சுமை. ஆறு பேர் செய்ய வேண்டியதை நாலு பேர் தலையில் கட்டிவிட்டு, சரிபார்க்கவில்லையே என்று கேட்பதில் நியாயமில்லை. நாலாவது நாமே: வேகத்தை மட்டும் பாராட்டினால் வேகம் மட்டும்தான் வரும்.

'இனிமேல் ஏஐ கூடாது' என்று தடை போடுவது சுலபமாகத் தோன்றும். தடை போட்ட மறுநாளே அது போனுக்குள் போய்விடும். அப்புறம் அது உங்கள் கண்ணில் படாது, கட்டுப்பாடும் போச்சு. பதிலாக ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக் கொடுங்கள். கேட்காமலே பயன்படுத்தலாம் என்பவை ஒரு பட்டியல்: பிழை திருத்தம், சொந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்துவது, யோசனை தேடுவது, ஸ்ப்ரெட்ஷீட் ஃபார்முலா கேட்பது. சரிபார்த்து, சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம் என்பவை இன்னொன்று: ரிப்போர்ட் டிராஃப்ட், கோடு, நீண்ட ஆவணத்தின் சுருக்கம், மொழிபெயர்ப்பு. கூடவே கூடாது என்பவை மூன்றாவது: வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், சம்பள விவரம், கையெழுத்தாகாத ஒப்பந்தம், பாஸ்வேர்டு, நிறுவனம் அனுமதிக்காத கணக்கில் போடும் எந்த உள் ஆவணமும். 2023இல் சாம்சங் ஊழியர்கள் சிலர் சோர்ஸ் கோடையும் மீட்டிங் விவரத்தையும் சாட்ஜிபிடியில் போட்டது வெளியே வந்து, அந்த நிறுவனம் தன் கருவிகளில் இத்தகைய டூல்களையே நிறுத்தி வைத்தது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, வேலையைச் சீக்கிரம் முடிக்கத்தான் போட்டார்கள். இலவசக் கணக்கில் போட்டது ஏஐயைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்ளப்படலாம், நிறுவனக் கணக்கின் ஒப்பந்தம் வேறாக இருக்கலாம். உங்கள் ஐடி பிரிவிடம் எது அனுமதிக்கப்பட்டது என்று கேட்டு அந்தப் பெயரையே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது பட்டியலில் உள்ள வேலை வரும்போது மேலே இரண்டு வரி இருக்க வேண்டும்: ஏஐயை எங்கே பயன்படுத்தினேன், எதைச் சரிபார்த்தேன், எதைச் சரிபார்க்கவில்லை. மூன்றாவதுதான் முக்கியம். 'விலைப் பட்டியலைச் சரிபார்த்தேன், சட்டப் பகுதியைச் சரிபார்க்கவில்லை' என்று ஒருவர் எழுதினால் உங்கள் நேரம் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. அப்படி உண்மை சொன்னவரை அதற்காகவே திட்டினால், அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் 'அனைத்தும் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். இந்த இரண்டு வரி ஏற்பாடு உயிரோடு இருப்பதும் சாவதும் மேனேஜர் முகத்தைப் பொறுத்தது.

சரிபார்ப்பது என்றால் என்ன என்பதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, இது பலருக்கு வியப்பாக இருக்கலாம். டூல் தந்த பதிலை அதே டூலிடம் 'இது சரியா?' என்று கேட்பதைப் பலர் சரிபார்ப்பு என்று நினைக்கிறார்கள். 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வக்கீல்கள் சாட்ஜிபிடி சொன்ன ஆறு முன்தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். ஆறும் இல்லாத தீர்ப்புகள். அதில் ஒரு வக்கீல் அந்த வழக்குகள் நிஜமா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டிருந்தார், அது நிஜம்தான் என்றது. 5,000 டாலர் அபராதம். ஆகவே எண் என்றால் மூலக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். மேற்கோள் என்றால் அந்த ஆவணத்தின் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும். இணைப்பு வேலை செய்கிறது என்பது மட்டும் போதாது, சொன்னது அங்கே இருக்கிறதா என்று படிக்க வேண்டும். கூட்டல் கழித்தல் என்றால் ஸ்ப்ரெட்ஷீட்டில் மறுபடி போட வேண்டும். கோடு என்றால் ஓட்டிப் பார்ப்பதோடு, அது சேர்க்கச் சொல்லும் பேக்கேஜ் (மற்றவர்கள் எழுதி இணையத்தில் வெளியிட்ட கோடுத் தொகுப்பு) உண்மையிலேயே இருக்கிறதா, யார் வெளியிட்டது, எப்போதிலிருந்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏஐ கற்பனையாகச் சொல்லும் பேக்கேஜ் பெயரில் மற்றவர்கள் தீங்கான கோடை ஏற்றி வைக்க முடியும். சுருக்கம் என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்: சுருக்கத்தில் மூன்று வாக்கியத்தை எடுத்து மூலத்தில் தேடுங்கள், பிறகு மூலத்தில் முக்கியமான மூன்று விஷயத்தை எடுத்துச் சுருக்கத்தில் தேடுங்கள். முதல் தேடல் கற்பனையைப் பிடிக்கும். இரண்டாவது விடுபட்டதைப் பிடிக்கும். விடுபட்டதுதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் இல்லாத வரியைக் கண் தேடாது.

இனி வேலை கொடுக்கும் முறை. பத்து பக்கம் கேட்டால் பத்து பக்கம் வரும், அதில் எட்டு பக்கம் காற்று. ஒரு பக்கம் கேளுங்கள்: உங்கள் பரிந்துரை என்ன, ஏன், எதை நிராகரித்தீர்கள். வேலை தொடங்கும் முன் அரைப் பக்கத் திட்டத்தை அவர் கைப்பட எழுதித் தரட்டும், கிறுக்கலாக இருந்தாலும் சரி. கால்வாசி முடிந்ததும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முழுதாக முடிந்து பளபளவென்று வந்த பிறகு அடித்தளம் தப்பென்று சொல்ல இரண்டு பேருக்குமே மனசு வராது. கொடுத்து முடித்ததும் பத்து நிமிடம் வாயால் விளக்கச் சொல்லுங்கள், ஸ்லைடு இல்லாமல். இதை அவருக்கு மட்டும் வைக்காமல் எல்லோருக்கும் வையுங்கள், இல்லாவிட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். புதிதாகச் சேர்ந்தவர் என்றால் அந்த வேலையின் அடிப்படைப் பகுதிகளை முதல் சில மாதம் டூல் இல்லாமல் செய்ய வைப்பது நல்லது. கையால் ஒருமுறை கூட அந்தக் கணக்கைப் போடாதவருக்கு அது தப்பாக வந்திருப்பது தெரியாது.

எல்லாவற்றிலும் கடினமானது, அவர் பிழையை நீங்கள் திருத்தாமல் இருப்பது. கிளையன்ட் காத்திருக்கிறார், மணி ஏழாகிறது, நாமே சரிபண்ணி அனுப்பிவிட்டால் என்ன என்று தோன்றும். அனுப்பிவிட்டால் அவருக்குப் பாடம் எதுவும் போய்ச் சேராது, அடுத்த வாரமும் அதே ஏழு மணி. இல்லாத தகவல் ஒன்று கண்ணில் பட்டவுடன் மேலே படிப்பதை நிறுத்திவிடுங்கள். 'இந்த இடத்தில் மூலம் இல்லாத தகவல் இருக்கிறது, மற்றவற்றையும் நீங்களே பார்த்துவிட்டு அனுப்புங்கள்' என்று திருப்புங்கள். இதற்கு இடம் வேண்டுமென்றால் கெடுவை ஒரு நாள் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும், அந்த ஒரு நாளைத் திட்டத்திலேயே போட்டுவிடுங்கள்.

முதல் சில வாரம் அவருடைய வேகம் குறையும், எழுத்தின் மெருகும் குறையும். உங்கள் மேலதிகாரியிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், குறிப்பாக அவர் 'எல்லாவற்றுக்கும் ஏஐ பயன்படுத்துங்கள்' என்று சொல்லும் ரகமாக இருந்தால். பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அவருக்கும் புரிய வேண்டுமென்றால் ஏர் கனடா விவகாரத்தைச் சொல்லலாம். தங்கள் இணையதள சாட்பாட் பயணிக்குக் கொடுத்த தவறான தகவலுக்கு சாட்பாட்டே தனிப் பொறுப்பு என்பது போல் அந்த நிறுவனம் வாதாடியது. கனடாவின் தீர்ப்பாயம் 2024இல் அதை ஏற்கவில்லை. பயணிக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. டூல் சொன்னது என்ற சாக்கு நிறுவனத்துக்கே செல்லாதபோது ஊழியருக்கும் செல்லாது, மேனேஜருக்கும் செல்லாது.

இரண்டு மாதம் ஆகியும் ஷீட்டில் அதே வகைப் பிழை அதே அளவில் வந்துகொண்டிருந்தால், அதன் பிறகு அது சாதாரணச் செயல்திறன் பிரச்சினை, ஏஐ பிரச்சினை அல்ல. ஹெச்ஆருக்கு எழுதும்போது 'ஏஐ அதிகம் பயன்படுத்துகிறார்' என்று எழுதாதீர்கள். அது விதிமீறலா என்ற விவாதத்தில் போய் நிற்கும். 'சமர்ப்பித்த ஏழு ரிப்போர்ட்டில் நாலில் மூலமில்லாத எண்கள், தன் பரிந்துரைக்கான காரணத்தை விளக்க முடியவில்லை, திருப்பி அனுப்பிய பின்னும் திருத்தவில்லை' என்கிற மாதிரி தேதியோடு எழுதுங்கள். ரகசியத் தகவலை வெளி டூலில் போட்டது மட்டும் இந்த வரிசையில் காத்திருக்கக்கூடாது, தெரிந்த அன்றே பாதுகாப்புப் பிரிவுக்குப் போக வேண்டும்.

டீமில் இன்னொருவரை இதற்கிடையில் மறந்துவிடுவோம்: மெதுவாக, ஒவ்வொரு எண்ணையும் தேடிப் பார்த்து, டூலையும் அளவோடு வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர். பாராட்டு வேகக்காரருக்குப் போன நாட்களில் அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்திருப்பார், வேறு வேலை தேடவும் தொடங்கியிருக்கலாம். அவரிடம் போய்ப் பேச இரண்டு மாதம் முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆளை எடுக்கும்போது நேர்காணலில் வைக்கும் சோதனையை அவரையே தயாரிக்கச் சொல்லலாம்: உங்கள் துறை சார்ந்த, ஏஐ எழுதிய இரண்டு பக்க டிராஃப்ட், உள்ளே தெரிந்தே விடப்பட்ட ஐந்தாறு பிழைகள், மூலக் கோப்புகள் பக்கத்தில், முப்பது நிமிடம். எந்த டூலை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிடுங்கள். எத்தனை பிழையைப் பிடித்தார் என்பதோடு, எந்தக் கோப்பை முதலில் திறந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.